பீம் நடுவே பன்னிரண்டு நூல்

என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் சென்ட்ரிங் பலகை மேல் பென்சிலால் அளவு மட்டும்தான். எந்த ர, எந்த ற என்பதில் இன்னமும் குழப்பம் உண்டு. ள, ழ எழுதும்போதும் கை ஒரு தடவை நின்றுவிட்டுத்தான் போகும். தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் இதில் வருகிற அளவுகளை யாரும் திருத்த வேண்டாம். அவற்றில் ஒரு நூல்கூடத் தப்பு இல்லை.

நூல் என்று நாங்கள் சொல்வது இஞ்சை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. எட்டு நூல் ஒரு இஞ்ச்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. பெயர் எழுதப் போவதில்லை. உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால், குறுக்கே போகும் நான்கு பெரிய பீம்களும் நடுவில் கீழே தொங்குவது கண்ணுக்குத் தெரியும். “சென்ட்ரிங் மேஸ்திரி முட்டு ஒழுங்காக் கொடுக்கல, அதான் இப்படி” என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். டீக்கடையில் சொல்கிறார்கள், பஸ்ஸில் சொல்கிறார்கள். அந்த மேஸ்திரி நான்தான். முட்டு ஒழுங்காகத்தான் கொடுத்தேன். இதை வாயால் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

சென்ட்ரிங் வேலை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கான்கிரீட் ஊற்றும்போது சேறு மாதிரி இருக்கும். அது இறுகித் தானாக நிற்கும் வரைக்கும் அதைத் தாங்கப் பலகை அடித்து, பலகைக்குக் கீழே வரிசையாக முட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. இறுகியதும் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவோம். நாங்கள் செய்தது எதுவும் கட்டடத்தில் மிச்சம் இருக்காது. அதனால் எங்கள் மேல் எந்தப் பழியையும் சுலபமாகப் போடலாம். இல்லை என்று காட்ட எங்களிடம் ஒன்றும் இருக்காது.

மண்டபத்து முதலாளி லாரி வைத்திருப்பவர். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம், மண்டபத்துக்குள் தூண் கூடாது. “மணமேடை கடைசி நாற்காலிக்கும் தெரியணும். நடுவுல ஒரு தூணு நின்னா, அதுக்குப் பின்னாடி உக்காந்தவன் தாலி கட்டினதைக்கூட போன்லதான் பாக்கணும்” என்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தூண் இல்லாவிட்டால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நாற்பது அடி. இந்தப் பக்கத்தில் நாங்கள் அடிக்கிற வீடுகளில் பதினைந்து அடி பீம் வரும். கடை என்றால் இருபது. நாற்பது அடி என் கை பார்க்காதது.

வரைபடம் போட்டது பெரம்பலூரில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு பெண் இன்ஜினியர். என் மகள் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். படத்துக்கு மட்டும்தான் அவரைப் பேசியிருந்தார்கள். வேலையை மேற்பார்வை பார்த்தது முதலாளியின் மைத்துனர், மனைவியின் தம்பி. எங்கள் பக்கத்தில் இது வழக்கம். கட்டடம் யார் கட்டினாலும் மனைவியின் தம்பிதான் நின்று பார்ப்பார். இவர் அதற்கு முன்பு இரண்டு கடை கட்டியிருக்கிறார். அதனால் கட்டட வேலையில் தெரியாதது எதுவுமில்லை என்று அவருக்கு நினைப்பு.

இன்ஜினியர் ஒரே ஒரு நாள் இடத்தைப் பார்க்க வந்தார். அன்று மைத்துனர் கம்பி வாங்கத் திருச்சி போயிருந்தார். முதலாளி இரண்டு நிமிடம் நின்றுவிட்டு போனை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டார். நின்றது நானும் என் ஆட்களும்தான்.

“மேஸ்திரி, இருபது அடி பீம் அடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

“நெறைய அடிச்சிருக்கேங்க.”

“முட்டு எடுத்ததும் நடுவுல எவ்வளவு எறங்கும்?”

“ஒரு நூல் எறங்கும். சிலதுல அதுகூடத் தெரியாதுங்க.”

“அப்ப நாப்பது அடிக்கு எவ்வளவு எறங்கும்?”

“ரெண்டு நூலுங்க” என்றேன். அதிலென்ன சந்தேகம் என்று இருந்தது எனக்கு.

அவர் சிரிக்கவில்லை. அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். கீழே கிடந்த கம்பித் துண்டை எடுத்து மணலில் கோடு போட்டார். “நீளம் ரெண்டு மடங்கானா தொய்வு ரெண்டு மடங்கு ஆகாது மேஸ்திரி. ரெண்டை நாலு தடவை பெருக்கணும். பெருக்கிப் பாருங்க.”

இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு.

“பதினாறு நூலுங்களா? ரெண்டு இஞ்சா?”

“அதே பீம், ஒரு அடிக்கு அதே பாரம்னு வெச்சா அவ்வளவு தொய்யும். அதனாலதான் ஒசரத்தைக் கூட்டியிருக்கேன். இருபது அடிக்குப் பதினெட்டு இஞ்ச் போடுவாங்க. இதுக்கு இருபத்தேழு. ஒசரம் ஒன்றரை மடங்கு. அது நமக்குச் சாதகம். ஒன்றரையை மூணு தடவை பெருக்கி, அதால வகுத்துக்கலாம்.”

எனக்கு வகுத்தல் வராது. அவரே வகுத்தார். பதினாறு நூல் ஐந்து நூலாகக் குறைந்தது. “முட்டு எடுத்த அன்னைக்கு அஞ்சு நூல் எறங்கும். அதோட நிக்காது. கான்கிரீட் இறுகின பிறகும் பாரத்துல மெல்ல மெல்ல வளையும். ரெண்டு மூணு வருஷத்துல இன்னும் பத்து நூல் போகும். மொத்தம் பதினஞ்சு. அதனால நீங்க அடிப்பலகையை நடுவுல பன்னெண்டு நூல் தூக்கி அடிக்கணும். ரெண்டு ஓரமும் மட்டத்துல இருக்கட்டும், நடுவுல ஒன்றரை இஞ்ச் மேல. படத்துலயும் எழுதியிருக்கேன். மேல ஏறி நிக்கிறதுதான் அப்புறம் எறங்கி மட்டத்துக்கு வரும். கடைசியில மூணு நூல் கீழ நிக்கும். நாப்பது அடியில மூணு நூல் யார் கண்ணுக்கும் தெரியாது.”

அன்று மாலை வீட்டில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மறுபடி பெருக்கிப் பார்த்தேன். பெருக்கல் மட்டும் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ரெட்டிபாளையம் பக்கத்தில் சிமெண்ட் ஆலை வேலையில் பலகை தூக்கித்தான் தொழிலுக்கே வந்தேன். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட எனக்கு இதைச் சொன்னதில்லை. சொன்னால் எனக்குப் புரியாது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அந்தக் கோபம் எனக்கு அன்றே ஆரம்பித்துவிட்டது.

சொன்னபடி அடித்தேன். கரிசல் மண் என்பதால் ஒவ்வொரு முட்டுக்கும் கீழே ஜல்லி கொட்டிக் கெட்டித்து, அதன் மேல் பலகை போட்டு, முட்டை ஆப்பு அடித்து இறுக்கினேன். நான்கு பீமுக்கும் அடிப்பலகையை நடுவில் பன்னிரண்டு நூல் தூக்கி, ஓரத்துக்கு வர வரக் குறைத்துக்கொண்டு போனேன். தண்ணி டியூப் பிடித்து மூன்று தடவை மட்டம் பார்த்தேன். பக்கத்துப் பலகைகளையும் அதே வளைவில் வெட்டி மேலே தளத்துப் பலகையோடு சேர்த்து ஆணி அடித்தோம். தூரத்தில் நின்று பார்த்தால் வளைவு லேசாகத் தெரிந்தது. எனக்கு அது அழகாக இருந்தது.

பிறகு கம்பி கட்டுகிறவர்கள் ஏறினார்கள். அவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் வேலை. அந்த நாட்களில் நான் ஆட்களோடு திருமழபாடியில் ஒரு வீட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

கான்கிரீட் போடும் நாள் காலையில் வந்தேன். ரோட்டோரம் கலவை லாரிகள் டிரம்மைச் சுற்றிக்கொண்டு வரிசையாக நின்றன. ராகு காலத்துக்கு முன்பு முதல் கலவை விழ வேண்டும் என்று முதலாளி அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். நானும் என் ஆள் ஒருவனும் முட்டுகளைச் சரிபார்க்கக் கீழே போனோம்.

“அண்ணே, ஆப்பு நம்ம அடிச்ச மாதிரி இல்லையே” என்றான் அவன்.

அண்ணாந்து பார்த்தேன். அடிப்பலகை நேராக இருந்தது. வளைவு இல்லை. நான்கு பீமிலும் நடு ஆப்புகளைத் தட்டிப் பலகையை இறக்கியிருந்தார்கள். பக்கத்துப் பலகைகள் தளத்தோடு அடித்தவை, அவை இறங்கவில்லை. அதனால் பக்கப் பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருந்தது. நடுவில் ஒன்றரை இஞ்ச், ஓரத்தில் ஒன்றுமில்லை. சிமெண்ட் பால் ஒழுகாமல் இருக்க அந்த இடைவெளியில் கோணிச் சாக்கைக் கிழித்துத் திணித்து, வெளியே மரப் பட்டியல் வைத்து அடித்திருந்தார்கள்.

மைத்துனர் பம்புக் குழாய் பக்கத்தில் நின்றார். போய்ச் சொன்னேன்.

“ஐயா, நடுவுல பலகை எறங்கியிருக்குங்க.”

“எறங்கல. நான்தான் எறக்கினேன். டியூப் வெச்சுப் பாத்தா ஒன்றரை இஞ்ச் தூக்கிக்கிட்டு நிக்குது. என்ன மேஸ்திரி நீ, இத்தனை வருசமா வேலை பாக்குற, மட்டம் பாக்கத் தெரியாதா? நான் பாக்கலன்னா மானம் போயிருக்கும்.”

“அது தூக்கித்தாங்க நிக்கணும். இன்ஜினியர் மேடம் சொன்னாங்க, படத்துலயும்...”

“மாமா, இங்க வாங்க. நம்ம மண்டபத்து பீமு ஒட்டகம் மாதிரி இருக்கணுமாம். மேஸ்திரி சொல்றாரு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார். “நல்ல நேரம் போவுதுப்பா. எதாயிருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம்” என்றார். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதை மறைக்க மாட்டேன். அன்றைக்கு நான் முட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, ஆப்பை ஏற்றாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அல்லது இன்ஜினியருக்கு ஒரு போனாவது செய்திருக்க வேண்டும். ஆப்பை ஏற்ற ஒரு மணி நேரம் போதும். நான்கு பேர் சிரித்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் அப்பா காலம் முழுவதும் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். எதிர்த்துப் பேசாததற்கு நல்ல பெயர் வாங்கியவர். அந்த நல்ல பெயர் எனக்கும் வந்துவிட்டது. அது நல்ல பெயரே இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு இந்த வயது ஆகியிருக்கிறது.

இருபத்தெட்டு நாள் முட்டு நிற்க விட்டேன். எடுக்கும் நாளில், எடுப்பதற்கு முன்பு ஒரு தடவையும் எடுத்த பிறகு ஒரு தடவையும் டியூப் வைத்துப் பார்த்தேன். ஐந்து நூல் இறங்கியிருந்தது. நான்கு பீமிலும் ஐந்து. பெரம்பலூரில் மாடியில் உட்கார்ந்து ஒரு பெண் காகிதத்தில் போட்ட கணக்கை இங்கே அவ்வளவு கான்கிரீட்டும் கேட்டு நடந்திருக்கிறது. மைத்துனர் மட்டும்தான் கேட்கவில்லை.

பக்கப் பலகையைக் கழற்றியபோது, பீமின் பக்கவாட்டில் அடியோரமாக ஒரு பட்டை தெரிந்தது. மேலே பலகையின் வழுவழுப்பு. அதற்குக் கீழே சாக்கின் பின்னல், இழை இழையாகக் கான்கிரீட்டில் பதிந்திருந்தது. நடுவில் பட்டையின் அகலம் ஒன்றரை இஞ்ச், ஓரத்துக்குப் போகப் போகக் குறைந்து காணாமல் போனது. நான் அடித்திருந்த வளைவு அப்படியே அதன் மேல் விளிம்பில் இருந்தது. “இது என்னண்ணே, பீமு ரவிக்கைக்கு பார்டர் வெச்ச மாதிரி இருக்கு” என்றான் என் ஆள். “மேல அலங்காரக் கூரை வந்தா எல்லாம் மறைஞ்சிடும், சாமானை ஏத்துங்க” என்றார் மைத்துனர். ஏற்றிக்கொண்டு போனோம்.

நான்கைந்து மாதம் ஒன்றும் இல்லை. மண்டபத்தையும் சாப்பாட்டுக் கூடத்தையும் பிரிக்க, இரண்டாவது பீமுக்கு நேர் கீழே நாற்பது அடிக்கு மடக்குக் கதவு போடத் திட்டம். அலுமினிய வேலைக்காரர் இரண்டு ஓரத்தில் உயரம் அளந்துகொண்டு போய்ச் செய்து கொண்டுவந்தார். ஓரத்தில் கச்சிதமாக நின்றது. நடுவில் ஒரு இஞ்ச் இடித்தது. அறுத்துக் குறைத்து மாட்டினார். இரண்டு மாதத்தில் கதவு மறுபடி மேலே கடித்துக்கொண்டு நகர மறுத்தது.

“நான் சரியாத்தாங்க அறுத்தேன். கதவு வளரல, உங்க பீமுதான் எறங்குது” என்று அலுமினியக்காரர் முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் மைத்துனர் அந்தப் பேச்சை எடுத்தார். “கரிசல் மண்ணுல முட்டு நட்டா எறங்காம என்ன செய்யும்? கான்கிரீட் போட்ட அன்னைக்கே மேஸ்திரி முட்டு மண்ணுல இறங்கிடுச்சு மாமா.”

இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு இதைவிடச் சுலபமாக நம்பக்கூடிய பொய் வேறு இல்லை. மழை பெய்தால் எங்கள் கரிசலில் செருப்பு மாட்டிக்கொள்ளும், சைக்கிள் மாட்டிக்கொள்ளும். முட்டு இறங்கியது என்றால் யார் நம்ப மாட்டார்கள்? ஜல்லியும் பலகையும் போட்டிருந்தேன் என்று சொன்னால், அதைத்தான் நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டேனே.

ஆனால் ஒருவருக்காவது யோசிக்கத் தோன்றியதா? முட்டு மண்ணில் இறங்கினால் அன்று ஒரு நாள் இறங்கும். முட்டை எடுத்து மாதக்கணக்கான பிறகு கதவைக் கடிக்குமா? இல்லாத முட்டு எப்படித் தினமும் இறங்கும்? என்னைக் கேட்காவிட்டால் போகிறது. அந்தக் கதவைக் கேட்டிருக்கலாம்.

பேச்சு பரவியது. ரஞ்சன்குடியில் ஒரு பெரிய வீட்டு வேலை எனக்கென்று பேசி வைத்திருந்தது. அவர்கள் போன் செய்து, “வேற ஆள் பாத்துட்டோம் மேஸ்திரி, தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார்கள். அடுத்து இன்னொரு கடை வேலையும் போனது. என்னை நம்பி ஆறு பேர் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் வேறு மேஸ்திரியிடம் போய்விட்டார்கள். எனக்கு நிலம் கிடையாது, கடை கிடையாது. இன்னார் அடித்தால் நிற்கும் என்ற பேச்சு ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

என் மனைவி ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

“ரேஷன் கடையில என்னைப் பாத்துக் கேக்குறாங்க, உங்க வூட்டுக்காரர் கட்டின மண்டபமா தொங்குதுன்னு.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“ஊரே பேசுது, நீங்க மட்டும் பேச மாட்டீங்க. ஏங்க, உங்க வாய்க்கும் முட்டுக் கொடுத்து வெச்சிருக்கா? இருபத்தெட்டு நாள் எப்பவோ முடிஞ்சிருச்சு. எடுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் என் பழைய ஆள் ஒருவன் சேதி சொன்னான். பீம் தொங்குவது தெரியாமல் இருக்க, ஓரங்களில் கனமாகவும் நடுவில் மெல்லிசாகவும் பூசி, பார்வைக்கு மட்டமாக்கிவிடப் போகிறார்களாம். அலங்காரக் கூரை வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். நாளைக் காலையில் பூச்சு. பூசிவிட்டால் அந்தச் சாக்கு அச்சு மறைந்துவிடும். எனக்கு இருந்த ஒரே சாட்சி அது.

பஸ் ஏறிப் பெரம்பலூர் போனேன். இன்ஜினியர் ஆபீஸ் மாடிப்படியில் பாதி ஏறி ஒரு தடவை இறங்கிவிட்டேன். கீழே டீக்கடையில் நின்றுவிட்டு மறுபடி ஏறினேன். அவருக்கு என்னை நினைவிருந்தது. சொன்னதை முழுவதும் கேட்டார். முகம் சிவந்துவிட்டது.

“என்னை அதுக்கப்புறம் ஒரு தடவைகூடக் கூப்பிடல மேஸ்திரி. பலகை அடிச்சதும் ஒரு போன் பண்ணுங்கன்னு முதலாளிகிட்ட சொல்லியிருந்தேன்.”

“விழுந்துடுங்களா மேடம்?”

“விழாது. பலத்துக்குக் குறைவில்ல. ஆனா எறங்குறது இன்னும் ரெண்டு வருஷம் இருக்கும். பூசி மட்டமாக்கினா பூச்சோட சேர்ந்து எறங்கும்.”

முதலாளிக்கு அங்கேயே போன் போட்டார். மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. பிறகு படத்தின் பிரதி ஒன்றை எடுத்து, நடுவில் தூக்க வேண்டும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் தமிழிலும் எழுதிக் கொடுத்தார். “பூசுறதுக்கு முன்னாடி அந்த அச்சை அவர் கண்ணால பாக்கணும். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் வெறும் பேச்சுதான்” என்றார்.

மறுநாள் காலையில் மண்டபத்துக்குப் போனேன். கொத்தனார் சாரத்தின் மேல் கலவைச் சட்டியோடு நின்றார். முதல் பீமில் ஓரத்தைப் பூச ஆரம்பித்திருந்தார். கீழே முதலாளி, மைத்துனர், கதவைச் சரிபார்க்க வந்த அலுமினியக்காரர். படத்தை நீட்டி, “ஐயா, ரெண்டு நிமிசம் மேல ஏறி வந்து பாருங்க” என்றேன்.

“இவன் எதுக்கு இங்க வந்தான்?” என்றார் மைத்துனர்.

முதலாளி என்ன நினைத்தாரோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். இரண்டாவது பீமின் நடுவில் அந்தப் பட்டையைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார்.

“என்னது இது?”

“கோணிச் சாக்கோட அச்சுங்க.”

“பீமுல சாக்கு எப்படி வந்துச்சு?”

“அதைத்தாங்க நான் கேக்குறேன். கான்கிரீட் ஊத்தும்போது முட்டு மண்ணுல இறங்கியிருந்தா, சாக்கைத் திணிக்க யாருக்கு நேரம்? ஊத்துறதுக்கு முன்னாடியே பலகையை எறக்கிட்டு, சந்துல சாக்கை அடைச்சிருக்காங்க. இந்த விளிம்பைப் பாருங்க. நான் அடிச்ச வளைவு இதுதான். நடுவுல பன்னெண்டு நூல். படத்துல அதான் எழுதியிருக்கு.”

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

முதலாளி படத்தில் இருந்த தமிழ் வரியை இரண்டு தடவை படித்தார். கீழே பார்த்தார். “மாப்ள, இது நீ பண்ணினதா?”

“மட்டமில்லாம இருந்துச்சு மாமா. மட்டமாக்கினேன். அதுல என்ன தப்பு?” என்றார் மைத்துனர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு இன்று வரைக்கும் அதில் என்ன தப்பு என்று தெரியாது. தெரியாதது குற்றம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் தெரியாதுதான். ஆனால் கரிசல் மண் என்று சொன்னாரே, அப்போது அவர் கை இறக்கிய ஆப்பு அவருக்கே மறந்துவிட்டதா?

முதலாளி இறங்கிக் கையைக் கழுவினார். என்னைத் தனியாக வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“நீ சொல்றது சரிதாம்பா. உன் மேல தப்பு இல்ல. ஆனா வெளியில பேசிக்க வேணாம். என் சம்சாரத்தோட தம்பி. நாளைக்கு அவன் நாலு பேரு முன்னாடி நிக்கணும். அடுத்து நான் வூடு கட்டப் போறேன். அந்த வேலையும் உனக்குத்தான், சரியா?”

“நானும் நாலு பேரு முன்னாடி நிக்கணுங்க” என்றேன். “வூட்டு வேலை வேணாங்க. அந்த அலுமினியக்காரர் முன்னாடி, கொத்தனார் முன்னாடி, மேஸ்திரி மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்.”

“சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்” என்றார். உள்ளே திரும்பி, “என்னய்யா வேடிக்கை பாக்குற, கலவை இறுகுது, பூசு” என்று கொத்தனாரிடம் சொன்னார். கொத்தனார் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பூசினார். நான் நின்று பார்த்தேன். இரண்டாவது பீமின் நடுப்பகுதி மறைய எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பீடி புகைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

முதலாளி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே இல்லை. மண்டபம் திறந்தார்கள். மைத்துனருக்கு மேடையில் சால்வை போட்டார்களாம். எனக்குச் சில வேலைகள் திரும்பி வந்தன, சின்னச் சின்ன வேலைகள். இருபது அடிக்கு மேல் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்திலேயே என் சித்தி மகன் வீட்டுக் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. பூசி மட்டமாக்கிய பீம்கள் மறுபடியும் தொங்கியிருந்தன, இன்ஜினியர் சொன்னபடியே. மடக்குக் கதவை மூட முடியாமல், சேலையைத் திரையாகக் கட்டி விட்டிருந்தார்கள். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்த சொந்தக்காரர் ஒருவர், பெண் வீட்டு ஆட்கள் காதில் விழும்படி, “மாமா, சாம்பாரைச் சீக்கிரம் ஊத்திக்குங்க. உங்க பீமு இலைக்கு வந்துடப் போவுது” என்றார். இலை வரிசை முழுவதும் சிரித்தது. பரிமாறுகிறவர்கூடச் சிரித்தார். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள்.

என்னைச் சிரித்ததை விட்டுவிடுவேன். இத்தனை வருஷம் விட்டுத்தான் வந்திருக்கிறேன். அவள் எழுந்ததை விட முடியவில்லை. திங்கட்கிழமை ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன்.

அதனால் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்த மண்டபத்தில் வாசலிலிருந்து எண்ணினால் இரண்டாவது பீம். நடுவில், மேடையைப் பார்த்த பக்கத்தில், அடியிலிருந்து ஒன்றரை இஞ்ச் உயரத்துக்குப் பூச்சைச் சுரண்டிப் பாருங்கள். ஒரு சாண் அகலம் சுரண்டினால் போதும். சாக்கின் இழை தெரியும். முதலாளியின் வார்த்தை எனக்கு இனி வேண்டாம். அங்கே பதிந்திருப்பது போதும். மேஸ்திரி முட்டு ஒழுங்காகக் கொடுத்தான். நடுவில் பன்னிரண்டு நூல் தூக்கியும் அடித்தான். அதை இறக்கினது அவன் இல்லை. இறக்கியதைப் பார்த்தும் பேசாமல் நின்றது மட்டும் அவன் தப்பு.

எழுதி முடித்தது: ஆவணி 12, சனிக்கிழமை.